ஐம்பது ஹெர்ட்ஸ்

டனீடின் துறைமுகத்து ஓரம்,
ஒரு காலத்தில் கம்பளி மூட்டை அடுக்கிய கிடங்கு.
ஜூலை. உள்ளேயும் மூச்சு புகைகிறது.
சனிக்கிழமை ஒலிப்பதிவு, இன்று வியாழன்.
கிட்டாரை நான் தொடாதபோதும்
அது முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது.

ம்ம்ம் என்று ஒரே எழுத்து,
ஜி சுரத்துக்கு மயிரிழை மேலே.
"சுவர்க் கரண்ட்டு உன் வழியாப் பேசுது,"
கையுறையைக் கழற்றாமல் சொன்னான் தாமட்டி.

பலகையைக் கவிழ்த்தேன்.
ஒன்பது பெடல்கள்,
வாங்கிய வரிசையிலேயே வசித்திருக்கின்றன:
முதல் சம்பளத்தில் வந்தது முதலில்,
யாரோ திருப்பித் தராத கடனுக்கு ஈடாக வந்தது நடுவில்,
இன்வர்கார்கிலில் ஒரு மழைநாள்
கார் டிக்கியைத் திறந்து ஒருவன் விற்ற டிஸ்டார்ஷன் கடைசியில்.
ஒலிக்கு என் வரலாறு தெரியாது.
நுழைந்த இடத்தில் நனைந்து
அடுத்த இடத்தில் அழுக்காகி வெளியே வருகிறது.

"ரிவெர்ப்புக்குப் பின்னால டிஸ்டார்ஷன்,"
என்றாள் ஐல்சா, டிரம் குச்சியால் தட்டிக் காட்டி.
"மண்டபத்தைக் கட்டிட்டுத் தீ வச்சிருக்க."
சிரித்தேன். உறைத்தது.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து.
எது பந்தி, எது படை
என்று யாரும் பெடலுக்குச் சொல்லவில்லை.
ட்யூனர் முன்னால்.
கம்ப்ரஸர் அதன் தோளருகே... இல்லை,
பூனை நடையையும் தூக்கிக் காட்டுவது அதுதான்,
கழற்றிக் கோட்டுப் பையில் போட்டேன்.
கரகரப்புகள் அடுத்து. டிலே பின்னால்.
ரிவெர்ப், வாசற்படியில்.

ஒரே அடாப்டரில் ஒன்பது வாய் குடித்தன இத்தனை நாள்.
இனி ஆளுக்கொரு குழாய்.
மின்கம்பியும் ஒலிக்கம்பியும்
குறுக்கே கடக்கலாம், கூடப் படுக்கக் கூடாது.
ஒரு நைந்த கேபிளை அசைத்தபோது
துறைமுக வானொலி வந்து சொன்னது:
தென்மேற்குக் காற்று, நாற்பது நாட்.
நன்றி சொல்லிக் குப்பையில் எறிந்தேன்.

முணுமுணுப்பு பாதியானது.
டிம்மர் விளக்கை அணைத்தோம்,
கிடங்கு இருண்டது, இன்னும் கொஞ்சம் போனது.
நாய்ஸ் கேட் வேண்டாம் என்றேன்.
கதவை அறைந்து சாத்தும் பிறவி அது,
சுரம் தேய்ந்து போகும் அழகை
வாலோடு நறுக்கிவிடும்.

ஐல்சா பதில் சொல்லாமல்
பூட்ஸ் முனையால் சுவர் சுவிட்சைத் தட்டினாள்.
ஹீட்டர் அணைந்தது.

அமைதி என்று சொல்லமாட்டேன்.
தகரக் கூரையில் கடற்காகத்தின் நகம் கேட்டது.
தாமட்டியின் வயிறு கேட்டது.

வாசித்தேன்.
இரண்டாம் அடி திரும்பும் இடத்தில்
என் சுண்டுவிரல் கம்பியைப் பாதிதான் அமுக்குகிறது.
தட். மரத்தை மரம் இடித்த மாதிரி.
"எப்போதிலிருந்து இப்படி?"
"நாங்களும் இன்னைக்குத்தான் கேக்குறோம்,"
என்றாள், ரொம்பப் பரிவாக.

விரலைத் திருத்தினேன்.
ஆனாலும் பாட்டு ஒல்லியாக நின்றது,
சட்டையைப் பறிகொடுத்தவன் மாதிரி.
பத்து நிமிடம் எங்களுக்குப் புரியவில்லை.
பாட்டு ஜி-யில்.
அந்த முணுமுணுப்பும் ஏறக்குறைய ஜி.
சம்பளமில்லாத நான்காவது ஆள் ஒருவர்
இத்தனை வருடம் கீழே நின்று தாங்கியிருக்கிறார்;
நாங்கள் இன்று அவரைத் துரத்திவிட்டோம்.

தாமட்டி கையுறையைக் கழற்றினான்.
தடித்த கம்பி, மூன்றாம் கட்டு.
ஒரே ஒரு ஜி.
மயிரிழைகூட மேலே இல்லை.
அவன் விரலை எடுத்ததும் நின்றது.

மூன்று தடவை வாசித்தோம், கை விறைக்கும்வரை.
சனிக்கிழமைக்கு ஒப்பந்தம்:
இடைவேளையில் ஹீட்டர், பதிவில் குளிர்.
என் பலகையில் இப்போது எட்டுப் பெடல்.
ஒன்பதாவது சுவரில் இருக்கிறது,
ஐல்சாவின் பூட்ஸ் எட்டும் உயரத்தில்.